‘டெட் செட்’ என்று தூக்கிப் போடாதீர்கள்!

கருகிப்போன பவர் சப்ளைக்குள் நடப்பது என்ன? ஒரு மெக்கானிக் மேசையிலிருந்து...

இடி மழை வெளுத்து வாங்கிய மறுநாள் காலையில் எந்த ஊர் டி.வி. மெக்கானிக் கடைக்குப் போனாலும், ஷட்டரைத் தூக்கும் முன்பே வாசலில் நாலு பேர் நிற்பார்கள். ஒருவர் கையில் செட்டாப் பாக்ஸ். இன்னொருவர் பைக்கில் மனைவிக்கும் தனக்கும் நடுவே 32 இன்ச் டி.வி.யைப் போர்வை சுற்றிக் கொண்டுவந்திருப்பார். ஓர் அம்மா கட்டைப்பையில் இண்டக்‌ஷன் அடுப்போடு. எல்லோரும் சொல்வது ஏறக்குறைய ஒரே கதை: “நைட்டு கரன்ட் போச்சுங்க. திரும்பி வந்தப்ப டப்புனு ஒரு சத்தம். கருகின வாடை வந்துச்சு. அவ்வளவுதான், உயிரே இல்ல.”

மெக்கானிக்குகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘டெட் செட்’. பிளக்கைச் சொருகினால் சிவப்பு விளக்குகூட எரியாத நிலை. வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய கோளாறு இருக்க முடியாது என்று தோன்றும். பழுது பார்ப்பவர்களுக்கோ இதுதான் ஆறுதலான கோளாறு. திரையில் கோடு விழுந்தால் பேனல் போயிருக்கலாம். படம் உறைந்து நின்றால் மெயின் போர்டு போயிருக்கலாம். இரண்டுமே பணத்தைத் தின்னும். மொத்தமாக உயிரே இல்லையென்றால், பெரும்பாலும் அடிபட்டிருப்பது உள்ளே இருக்கும் பவர் சப்ளை மட்டும்தான். அதில் கெட்டுப்போன பாகங்களின் விலையைக் கூட்டிப் பார்த்தால், பல நேரங்களில் ஒரு குடும்பம் ஹோட்டலில் டிபன் சாப்பிடும் காசுகூட ஆகாது.

ஆனாலும், அந்தப் பலகையோடு சேர்த்து முழு டி.வி.யும் பழைய சாமான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட உலக மின்கழிவு அறிக்கையின்படி, 2022-ல் மட்டும் உலகம் தூக்கிப் போட்ட மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது 22.3 சதவிகிதம்தான். அந்த மலைக்குள், ஒரு ஃபியூஸும் ஒரு கண்டென்சரும் மாற்றினால் ஓடக்கூடிய பெட்டிகளும் கிடக்கின்றன என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

மைக் செட் கனத்திலிருந்து...

சுவர் பிளக்கில் வருவது 230 வோல்ட் ஏ.சி. டி.வி.க்குள் இருக்கும் சிப்புகள் கேட்பதோ 12, 5, 3.3 வோல்ட் டி.சி. இந்த இரண்டுக்கும் நடுவே நின்று வேலை பார்ப்பதுதான் பவர் சப்ளை.

அந்தக் காலத்தில் இந்த வேலையை ஓர் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் செய்தது. கோயில் கொடைக்கு மைக் செட் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு அந்தக் கனம் தெரியும். நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலையும் மின்சாரத்தைத் தாங்க அவ்வளவு இரும்பும் செம்பும் தேவைப்பட்டன. கனம் அதிகம், சூடு அதிகம், ஆனால் லேசில் சாகாது. நாற்பது வருஷத்து ஆம்ப்ளிஃபையரில் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் புதிது போல இருப்பதை இன்றும் பார்க்கலாம்.

1970-களில் வேகமான டிரான்சிஸ்டர்கள் மலிவானபோது வேறொரு வழி பரவத் தொடங்கியது. அமெரிக்காவில் ராபர்ட் பாஷெர்ட் போன்றவர்கள் அதைக் குறைந்த விலையில் செய்து காட்டினார்கள். 1977-ல் வந்த ஆப்பிள்-2 கம்ப்யூட்டருக்கு ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் அந்த வகை சப்ளையைத்தான் வடிவமைத்தார். அதுதான் இன்று நம் வீட்டில் போன் சார்ஜர் முதல் வாஷிங்மெஷின் வரை எல்லாவற்றிலும் உட்கார்ந்திருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.

இதன் உபாயம் எளிது. வருகிற ஏ.சி.யை நாலு டயோடுகள் முதலில் டி.சி. ஆக்குகின்றன. 230 என்பது ஒருவகைச் சராசரிக் கணக்கு. அந்த அலையின் உச்சம் 325 வோல்ட். அது ஒரு பெரிய கண்டென்சரில் சேர்கிறது. அங்கிருந்து மாஸ்ஃபெட் என்ற சுவிட்ச், நொடிக்குப் பல்லாயிரம் முறை அந்த மின்சாரத்தை வெட்டி வெட்டி ஒரு சின்ன ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்புகிறது. நம் ஊர் மெக்கானிக்குகள் இதை ‘சாப்பர்’ என்பார்கள். அலைவு வேகமாக இருப்பதால் இதற்கு இரும்புக் கட்டி தேவையில்லை, தீப்பெட்டி அளவு போதும். குழாயை எவ்வளவு நேரம் திறந்து எவ்வளவு நேரம் மூடுகிறோம் என்பதை வைத்து வாளியில் விழும் தண்ணீரை அளப்பதுபோல, சுவிட்ச் ஆன் ஆகியிருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்தே மறுபக்கம் 12 வோல்ட்டைச் சரியாக நிறுத்துகிறார்கள்.

அப்படியானால், 12 வோல்ட் சரியாக இருக்கிறதா என்று சுவிட்சை ஆட்டுகிற ஐ.சி.க்கு யார் சொல்வது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பாகம் வருகிறது. பலகையைத் திருப்பிப் பார்த்தால், நடுவே தாமிரமே இல்லாத ஓர் இடைவெளி ஓடும். அதற்கு ஒருபுறம் உயிரை எடுக்கும் 325 வோல்ட். இதை ‘ஹாட் சைடு’ என்பார்கள். மறுபுறம், நாம் தொடும் யு.எஸ்.பி., எச்.டி.எம்.ஐ. வாய்கள் சேரும் ‘கோல்ட் சைடு’. இரண்டுக்கும் இடையே கம்பியால் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. ஆனால் சேதி மட்டும் கடந்தாக வேண்டும். அந்த இடைவெளியின் மேல் நாலு கால்களோடு ஒரு கறுப்புச் சிப் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் பிசி 817 வகை. அதற்குள் ஒரு பக்கம் குட்டி எல்.இ.டி., எதிரே ஒளியை உணரும் டிரான்சிஸ்டர். 12 வோல்ட் கொஞ்சம் ஏறினால் அந்த எல்.இ.டி. கொஞ்சம் பிரகாசமாகிறது, மறுபக்கம் அதைப் பார்த்து ஐ.சி. சுவிட்ச் ஆன் ஆகியிருக்கும் நேரத்தைக் குறைக்கிறது. மின்சாரம் கடக்கக் கூடாத இடத்தை வெளிச்சம் கடக்கிறது. சில ரூபாய் பெறுமான இந்தச் சிப்புதான், டி.வி.யில் பென் டிரைவ் சொருகும் குழந்தையின் விரலுக்கும் 325 வோல்ட்டுக்கும் நடுவே நிற்கும் காவல்களில் ஒன்று.

மேசை மேல் ஒரு 32 இன்ச்

திண்டுக்கல்லில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு கடை. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக் மெக்கானிக் படித்துவிட்டு இதே தெருவில் தலை நரைத்தவர். பேர் வேண்டாம் என்றார். கூட ஒரு பையன் தொழில் பழகுகிறான். நான் போனபோது மேசை மேல் ஒரு 32 இன்ச் எல்.இ.டி. டி.வி. குப்புறக் கிடந்தது. கொண்டுவந்தவர் பக்கத்து ஸ்டூலில்.

பிளக்கைச் சொருகிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொருகவில்லை. முதலில் விசாரணை. “சத்தம் கேட்டுச்சா?” “கேட்டுச்சுண்ணே.” “பொகை?” “லேசா.” “பக்கத்து வீட்லயும் எதாவது போச்சா?” “இல்லண்ணே, எங்களுக்கு மட்டும்தான்.” அந்த மூன்றாவது கேள்வி எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பின் மூடியைக் கழற்றியதும் குனிந்து மோந்து பார்த்தார். பிறகு டார்ச். கண்ணாடி ஃபியூஸ் உள்ளே முழுக்கக் கறுத்து, முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளத்தது. “பாத்துக்க தம்பி. கம்பி மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவா இருந்தா, லோடு கூடிப் போயிருக்கும், இல்ல வயசாகிப் போயிருக்கும். இப்படிக் கறுத்திருந்தா உள்ள டெட் ஷார்ட்டு. வெறும் ஃபியூஸ மட்டும் மாத்திச் சொருகினா மறுபடி வெடிக்கும்.”

அடுத்து அவர் செய்ததை, யூடியூப் பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். மீட்டரை 1000 வோல்ட் டி.சி.யில் வைத்து, பெரிய கண்டென்சரின் இரு கால்களையும் தொட்டுப் பார்த்தார். பிளக்கைக் கழற்றிவிட்டோமே என்ற தைரியம் இங்கே செல்லாது. சுவிட்ச் பகுதி ஓடாமல் நின்றுவிட்ட பலகையில், கண்டென்சரில் சேர்ந்த 325 வோல்ட்டுக்குக் காலியாக வழி இருக்காது, அப்படியே காத்துக்கொண்டிருக்கும். 100 மைக்ரோஃபாரட் கண்டென்சரில் அது 5 ஜூல் சக்தி. கையை உதறவைத்து, நெஞ்சைப் பிடிக்கவும் போதுமானது. மீட்டர் எண் காட்டினால், வயர் போட்ட 100 வாட்ஸ் குண்டு பல்பை அந்தக் கால்களில் தொட்டுக் காலி செய்வார். சிலர் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ‘டப்’பென்று ஷார்ட் செய்வார்கள். அதில் கண்டென்சரும் பாதிக்கும், தெறிக்கும் பொறி கண்ணுக்கும் ஆபத்து.

டயோடுகள் நாலும் நன்றாக இருந்தன. மாஸ்ஃபெட்டில் மீட்டர் ‘பீப்’ என்று அலறியது. ஷார்ட்.

பல கடைகளில் வேலை இங்கேயே முடிந்துவிடும். புது மாஸ்ஃபெட், புது ஃபியூஸ், சொருகு. அதனால்தான் ‘ரிப்பேர் பண்ணிட்டு வந்து ரெண்டே நாள்ல மறுபடி போச்சு’ என்ற புலம்பல். மாஸ்ஃபெட் தனியாகச் சாவதில்லை. அது ஷார்ட் ஆன நொடியில், அதுவரை வெட்டி வெட்டிப் போய்க்கொண்டிருந்த 325 வோல்ட் தங்கு தடையின்றிப் பாய்கிறது. மாஸ்ஃபெட்டுக்குக் கீழே கரன்டை அளக்க வைத்திருக்கும், ஒரு ஓமுக்கும் குறைவான சின்ன ரெசிஸ்டர் கருகி அறுந்துபோகிறது. மாஸ்ஃபெட்டை இயக்கும் காலான ‘கேட்’ வழியாக ஏறும் மின்சாரம் அங்குள்ள ரெசிஸ்டரைச் சுட்டு, சுவிட்சை ஆட்டும் ஐ.சி.யையும் கொன்றுவிட்டுத்தான் ஓய்கிறது. இத்தனையும் ஃபியூஸ் அறுவதற்குள் முடிந்துவிடும். மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றினால், செத்த ஐ.சி. புதியதையும் கூட்டிக்கொண்டு போகும்.

அவர் ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தார். கரன்டை அளக்கும் அந்தச் சென்ஸ் ரெசிஸ்டர் அறுந்து ‘ஓபன்’. ஐ.சி. போயிருந்தது. தட்டில் நாலைந்து பாகங்கள் சேர்ந்த பிறகு பையனைப் பார்த்தார்.

“ஃபியூஸ் எதுக்குடா போச்சு?”

“மாஸ்ஃபெட் ஷார்ட்டுண்ணே.”

“மாஸ்ஃபெட் எதுக்குப் போச்சு?”

பையன் பேசவில்லை. அவர் அந்தப் பெரிய கண்டென்சரைக் கழற்றி அவனிடம் நீட்டினார். மேலே உப்பல் இல்லை, ஒழுகல் இல்லை. பார்வைக்கு நல்ல கண்டென்சர். மீட்டரில் வைத்ததும், 100 இருக்க வேண்டிய இடத்தில் 38 காட்டியது. “உள்ள காஞ்சுபோச்சு. இது சப்ளையைத் தேக்கி வெக்க வேண்டிய ஆளு. இது தேக்காததால அந்த வோல்டேஜ் ஏறி எறங்கி ஆடியிருக்கு. ஒவ்வொரு தடவை எறங்கும்போதும் மாஸ்ஃபெட்டுதான் கூடுதலா இழுத்து ஈடுகட்டுது. அப்படியே சூடேறி நின்ன நேரத்துல கரன்ட் போய் வந்திருக்கு. இத மாத்தாம விட்டா நான் இன்னிக்குப் பண்ண வேலையெல்லாம் வீண்.”

கெட்டுப்போன பாகத்தைக் கண்டுபிடிப்பவரை நல்ல மெக்கானிக் என்கிறோம். என் கணக்கில், அது ஏன் கெட்டது என்று இரண்டாவது தடவையும் கேட்பவர்தான் நல்ல மெக்கானிக். கூலி கொடுக்கும்போது நாம் கொடுப்பது அந்த இரண்டாவது கேள்விக்குத்தான்.

எல்லாம் மாற்றி ஈயம் வைத்த பிறகும் நேரடியாகச் சொருகவில்லை. சுவரில் ஒரு சீரிஸ் பல்பு மாட்டியிருந்தார். 100 வாட்ஸ் குண்டு பல்பு வழியாகத்தான் கரன்ட் பலகைக்குப் போகும். பலகையில் இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரிந்து, அந்த அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும்; எதுவும் வெடிக்காது. சரியாக இருந்தால் கண்டென்சர் நிறையும்வரை பளிச்சென்று ஒரு மின்னல், பிறகு மங்கல். சுவிட்சைத் தட்டினார். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு அடங்கியது. டி.வி.யின் ஓரத்தில் சிவப்பு விளக்கு வந்தது. ஸ்டூலில் இருந்தவர் எழுந்தே விட்டார். “இருங்க, இன்னும் முடியல” என்று சொல்லி, ஸ்டாண்ட்பை 5 வோல்ட், பிறகு 12 வோல்ட் இரண்டையும் அளந்து, பேக்லைட் எரிந்து லோடு ஏறிய பிறகும் அவை அசையாமல் நிற்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் மூடியை எடுத்தார்.

அந்தக் குண்டு பல்புகளை அவர் ஓர் அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறார். எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது. கடைகளில் குண்டு பல்பு அருகிவருவதால் கிடைக்கும்போதெல்லாம் வாங்கிப் போட்டுக்கொள்கிறாராம்.

தெருவில் அறுந்த நியூட்ரல்

“பக்கத்து வீட்லயும் போச்சா?” என்ற கேள்விக்கு வருவோம். பல வீடுகளில் ஒரே நேரத்தில் போயிருந்தால், கோளாறு தெருக் கம்பத்தில் இருக்கலாம்.

நம் தெருக் கம்பத்தில் மூன்று பேஸ், ஒரு நியூட்ரல். ஒரு வீட்டுக்கு ஒரு பேஸும் நியூட்ரலும் போகின்றன. அதனால் 230 வோல்ட். ஆனால் இரண்டு பேஸுக்கு நடுவே அளந்தால் 400 வோல்ட். காற்றில் மரக்கிளை விழுந்தோ, பழைய ஜாயின்ட் துருப்பிடித்தோ நியூட்ரல் மட்டும் அறுந்தால், வெவ்வேறு பேஸில் இருக்கும் வீடுகள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துக்கொண்டு அந்த 400 வோல்ட்டைப் பங்குபோட ஆரம்பிக்கின்றன. பங்கு சமமாக இருக்காது. ஹீட்டரும் மோட்டாரும் ஓடுகிற வீட்டில் வோல்டேஜ் சரிந்து விளக்கு மங்கும். டி.வி.யும் ஒரு விளக்கும் மட்டும் எரிகிற வீட்டுக்கு 300, 350 என்று ஏறும். குறைவாகச் செலவழித்த வீட்டுக்குத்தான் தண்டனை. 350 வோல்ட்டின் உச்சம் கிட்டத்தட்ட 495. உள்ளே இருப்பதோ 400 அல்லது 450 வோல்ட் தாங்கும் கண்டென்சர். வெடிக்காமல் என்ன செய்யும்?

இதற்காகவே ஃபியூஸுக்குப் பக்கத்தில் ஒரு வட்ட வில்லை இருக்கும். வேரிஸ்டர் என்பார்கள். அதன் மேல் 14 டி 471 என்பதுபோல எழுதியிருக்கும். 14 மில்லிமீட்டர் விட்டம், 470 வோல்ட்டில் வழிவிடத் தொடங்கும் என்று பொருள். அளவு மீறி வோல்டேஜ் வந்தால் அது கரன்டைத் தன் வழியாக இழுத்து, தான் கருகி, ஃபியூஸை அறுத்துவிடும். மற்றவை பிழைக்கும். இப்படிப்பட்ட செட் மேசைக்கு வந்தால் அது மெக்கானிக்குக்கு ஐந்து நிமிட வேலை. வெடித்த வேரிஸ்டரை வெட்டி எடுத்துவிட்டு ஃபியூஸ் மட்டும் போட்டாலே டி.வி. ஓடும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். இது தவறு. அடுத்த முறை நியூட்ரல் அறுந்தால் அந்த டி.வி.க்குக் கவசம் கிடையாது. சில ரூபாய் வில்லை அது. மாற்றித்தான் தீர வேண்டும்.

வீட்டிலேயே த்ரீ பேஸ் கனெக்‌ஷன் இருந்தால் ஆபத்து தெருவில் மட்டும் இல்லை. மெயின் போர்டில் நியூட்ரல் ஸ்க்ரூ தளர்ந்தாலே இதே கூத்து நடக்கும். ஒரு அறையில் விளக்கு மங்கி, இன்னொரு அறையில் ஃபேன் திடீரென்று வேகம் பிடித்தால் யோசிக்கவே வேண்டாம். ஓடிப்போய் மெயினை அணையுங்கள்.

மின்வெட்டுக் காலம் இந்தத் தொழிலை எப்படி மாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். 2006-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவசக் கலர் டி.வி. திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 இன்ச் டி.வி. போனது. அதே டி.வி.கள்தான் 2012 வாக்கில், சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரன்ட் இல்லாத காலத்தையும் பார்த்தன. கரன்ட் போவதில் கேடில்லை. வரும் நொடியில்தான் கேடு. தெருவே ஒன்றாக உயிர்பெறும்போது வோல்டேஜ் துள்ளும். காலியான கண்டென்சர் அந்த நொடியில் மொத்தமாகக் கரன்டை இழுக்கும். சின்ன ஊர்க் கடைகளில், கருகிய பகுதியை ஓரங்கட்டிவிட்டு ஐந்து வயர் யுனிவர்சல் மாட்யூல் வைத்து அந்தப் பெட்டிகளை மீண்டும் மீண்டும் எழுப்பினார்கள். அரசு கொடுத்த டி.வி.யை அத்தனை வருஷம் ஓடவைத்தவர்கள் இவர்கள். எந்த விழாவிலும் இவர்களுக்கு யாரும் சால்வை போர்த்தவில்லை.

இடியும் நியூட்ரலும் ஒரே நொடியில் கொல்கிறவை. சூடு மெல்லக் கொல்கிறது. எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள் இருப்பது அலுமினியத் தாளும், ஈரக் கரைசலில் நனைந்த காகிதமும். அந்த ஈரம் காய்வதுதான் அதன் முதுமை. மேலே ‘105 டிகிரி’ என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தச் சூட்டில் பொதுவாக 2,000 மணி நேரம் தாங்கும் ரகம் என்று வைத்துக்கொள்வோம். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு என்பது தொழிலில் எல்லோரும் பிடிக்கும் கணக்கு. 65 டிகிரியில் ஓடினால் 32,000 மணி நேரம். ஓயாமல் எரியும் செட்டாப் பாக்ஸுக்கு மூன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். அதே பெட்டியின் மேல் பூப்போட்ட துணி விரித்து, பக்கத்தில் மோடத்தையும் நெருக்கிவைத்துப் பத்து டிகிரி ஏற்றினால் இரண்டு வருஷம்கூடத் தாங்காது. அந்தத் துணியை எடுத்துவிடுங்கள். செலவில்லாத வைத்தியம் இது.

காய்ந்த கண்டென்சர் முன்கூட்டியே சொல்லும். காலையில் போட்டால் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்து, பத்து நிமிடம் கழித்துத்தான் படம் வரும். குளிர்காலத்தில் இன்னும் தாமதம். சூடேறினால் காய்ந்த கண்டென்சர் கொஞ்சம் தெம்பாவதே காரணம். தலைமுடி உலர்த்தும் டிரையரால் கண்டென்சர்களுக்குச் சூடு காட்டியே எது நோயாளி என்று கண்டுபிடிக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அந்தச் சிமிட்டல் நாட்களிலேயே கொண்டுபோனால் ஒரு கண்டென்சரோடு முடியும். வெடிக்கும்வரை ஓட்டினால் மேலே சொன்ன வரிசை முழுதும் போகும்.

பல்லியையும் எறும்பையும் விட்டுவிட முடியாது. கதகதப்பைத் தேடி வரும் பல்லி ஹாட் சைடில் இரண்டு புள்ளிகளைத் தொட்டால், பல்லியும் சாகும் பலகையும் சாகும். ஏ.சி. அவுட்டோர் யூனிட் திறப்பவர்களைக் கேளுங்கள். கருகிய பல்லி பார்க்காதவர் கிடையாது.

ரிச்சி ஸ்ட்ரீட்டும் கழட்டின சாமானும்

இந்தப் பாகங்கள் சென்னையில் கிடைக்கும் இடம், அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ரிச்சி ஸ்ட்ரீட். கண்டென்சரைச் சரமாகவும், ஐ.சி.யை ஸ்டிக்காகவும் விற்கும் குறுகலான கடைகள். இங்கே ஒரு விசித்திரம் உண்டு. பல மெக்கானிக்குகள் புதிய மாஸ்ஃபெட்டைவிட, பழைய போர்டிலிருந்து ‘கழட்டின சாமான்’ நல்லது என்பார்கள். அனுபவம் பேசுகிறது. சாதாரண ரக மாஸ்ஃபெட்டின் மேல் உயர்ந்த ரகத்தின் எண்ணைப் பொறித்து விற்பது நடக்கிறது. பெரிய கண்டென்சர் உறைக்குள் சின்ன கண்டென்சரை அடைத்து விற்பதும் நடக்கிறது. கழட்டினது ஒரு தடவையாவது கம்பெனி டி.வி.யில் ஓடிய நிஜச் சரக்கு. ஆனால் கண்டென்சரில் இந்த நியாயம் செல்லாது. அது பழசானால் காய்ந்ததுதான். புதிதாக, 105 டிகிரி ரகமாகவே வாங்க வேண்டும்.

எந்தச் சூழ்நிலையிலும் மலிவு பார்க்கக் கூடாத ஒரு பாகம் இருக்கிறது. ஹாட் சைடையும் கோல்ட் சைடையும் தொட்டபடி நிற்கும் நீல நிற வில்லை, ஒய் கண்டென்சர். ஷார்ட் ஆகாதபடி தனித் தரத்தில் செய்யப்படுவது. அந்த இடத்தில் சாதாரண செராமிக் கண்டென்சரை வைத்தாலும் டி.வி. ஓடும், வித்தியாசம் தெரியாது. அது ஷார்ட் ஆகும் நாளில் கேபிள் வயரைத் தொடுபவர் கையில் 230 வோல்ட் இருக்கும். இதில் நாலு ரூபாய் மிச்சம் பிடிப்பவரை நான் மெக்கானிக் என்று சொல்ல மாட்டேன்.

‘போர்டு வராது சார்’

பழைய ரேடியோ, டி.வி. பெட்டிகளோடு சர்க்யூட் டயக்ரம் தாளும் வந்ததுண்டு. அதை வைத்துப் படித்து ஆளானவர்கள் ஒரு தலைமுறை. இன்று அந்தத் தாள் கம்பெனிக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் பாகம் மாற்றுவதில்லை, போர்டையே மாற்றுகிறார்கள், விலை ஆயிரங்களில். மாடல் நாலைந்து வருஷம் பழசென்றால், ‘போர்டு வராது சார், எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கோங்க.’ பவர் சப்ளையையும் மெயின் போர்டையும் ஒரே பலகையாகச் செய்யும் வழக்கமும் வந்துவிட்டது. வாஷிங்மெஷின் பலகையைப் பசைக் குழம்பில் முக்கி எடுக்கிறார்கள். ஈரத்திலிருந்து காக்க அது தேவைதான். ஆனால் உள்ளே ஒரு டயோடு போனால், அந்தக் குழம்பைச் சுரண்டியெடுக்கப் பொறுமை உள்ளவர் ஊருக்கு ஒருவர் தேறுவது கடினம்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டத்தால் தொட்டது. 2021 மார்ச் முதல் அங்கே விற்கும் டி.வி.களுக்கு, மாடல் சந்தையிலிருந்து போன பிறகும் குறைந்தது ஏழு ஆண்டுகளுக்கு உதிரி பாகம் கொடுத்தாக வேண்டும். அந்தப் பாகங்களின் பட்டியலில் உள் பவர் சப்ளை பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ‘பழுது பார்க்கும் உரிமை’க்கான குழுவை அமைத்தது, அந்த டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கியது. மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. கழிவான பிறகு யார் பொறுப்பு என்பதற்கு விதி வந்துவிட்டது. கழிவாகாமல் தடுக்க, பவர் போர்டு இத்தனை வருஷம் கிடைத்தே ஆக வேண்டும், சர்க்யூட் டயக்ரம் ஊர் மெக்கானிக் கைக்கும் வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதியை நம் அரசுகள் போட வேண்டும். மெக்கானிக்குகளின் சங்கங்கள் மட்டும் கேட்டால் போதாது. பணம் கொடுத்து டி.வி. வாங்கும் நாமும் கேட்க வேண்டும்.

கடைக்குக் கொண்டுபோகும் முன்...

கருகின வாடை வந்த சாதனத்தைத் திரும்பத் திரும்ப ஆன் செய்து சோதிக்காதீர்கள். ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றும் பழக்கம் பாட்டன் காலத்து மெயின் போர்டோடு போகட்டும், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அது தீயை வரவேற்பது. வெள்ளத்தில் நனைந்த பெட்டியை, 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பலர் செய்ததுபோல, வெயிலில் காயவைத்துவிட்டு உடனே பிளக்கில் சொருகாதீர்கள். சேறும் உப்பும் படிந்த பலகையைக் கழுவித் துடைத்து, சீரிஸ் பல்பில் சோதித்த பிறகுதான் நேரடிக் கரன்ட்.

மெக்கானிக்கிடம் மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். நல்லவர் எவரும் இதற்குக் கோபப்பட மாட்டார். எது எதற்காகப் போனது என்று காட்டியே கொடுப்பார். பழுது பார்க்கக் கூடாத பவர் சப்ளையும் உண்டு. மலிவு போன் சார்ஜரில் ஹாட் சைடுக்கும் கோல்ட் சைடுக்கும் நடுவே நகக்கண் இடைவெளிகூட இருக்காது. அதைச் சரிசெய்வது ஆபத்தைச் சரிசெய்து வீட்டுக்குள் வைப்பது. தூக்கிப் போடுங்கள், அதுவும் மின்கழிவு சேகரிப்பவரிடம்.

மோடம், செட்டாப் பாக்ஸ், ஆர்.ஓ. வாட்டர் ஃபில்டர் போன்றவற்றுக்கு அடாப்டர் வெளியே தனியாக இருக்கும். பெட்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ, கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. சொருகும் முனையின் பிளஸ் உள்ளேயா வெளியேயா என்று மேலே படம் போட்டிருப்பார்கள், அதுவும் பொருந்த வேண்டும். மோடம் அடாப்டர் வாங்கும்போது ஐ.எஸ். 13252 என்ற எண்ணும், அதற்குக் கீழே ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்தப் பதிவு எண்ணைத் தட்டினால், அது யாருடைய சரக்கு என்று கடை வாசலில் நின்றபடியே தெரிந்துகொள்ளலாம்.